எழுநூறு பலகை, ஒரே சர்வர்: யார் யாருக்காகக் காத்திருப்பது?

சாக்கெட் சர்வர் எழுதப் பழகுகிறவர்கள் எல்லோரும் முதலில் முட்டி நிற்கும் இடம் ஒன்றுதான். ஒரு கிளையன்ட் இணைந்திருக்கும் வரை எல்லாம் ஒழுங்காக ஓடும். இரண்டாவது கிளையன்ட் வந்ததும் சர்வர் வாய் திறக்காது. யாரிடம் கேட்டாலும் ‘ஆளுக்கு ஒரு த்ரெட் போடுங்க, சரியாயிடும்’ என்பார்கள். போட்டால் சரியாகத்தான் போகும். சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஏன் நின்றது, ஏன் சரியானது என்ற இரண்டு கேள்விக்கும் பதில் தெரியாமலே நாம் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். பிறகு ஐம்பது கிளையன்ட் வந்தபோது அதே சர்வர் வேறு காரணத்துக்காக நின்றால், த்ரெட்டை ஐந்நூறாக்கிப் பார்க்கலாமா என்று யோசிக்கிறோம். இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: பல கிளையன்ட்டுகளைச் சமாளிப்பதில் தலை எண்ணுவது இரண்டாம் வேலை. ஒருவருடைய தாமதம் இன்னொருவர் தலையில் விழாமல் பார்த்துக்கொள்வதே முதல் வேலை. அதைச் சரியாகச் செய்தால் த்ரெட்டும் தாங்கும், லூப்பும் தாங்கும். செய்யாவிட்டால் இரண்டும் தாங்காது.

இதைக் கையில் பிடித்துப் பார்க்க நம் ஊர்ப் பக்கத்திலேயே நல்ல கணக்கு ஒன்று கிடைக்கிறது. 2022-இல் ரஷ்யாவில் நடந்திருக்க வேண்டிய 44-ஆவது செஸ் ஒலிம்பியாட், உக்ரைன் போர் மூண்டதால் தமிழ்நாட்டுக்கு வந்தது. ஜூலை 28-ஆம் தேதி சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் தொடக்க விழா முடிந்ததும், மறுநாளிலிருந்து ஆட்டங்கள் எல்லாம் மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில், ஒரு நட்சத்திர விடுதி வளாகத்தில் நடந்தன. ஓபன் பிரிவில் 180-க்கும் மேற்பட்ட அணிகள், பெண்கள் பிரிவில் ஏறத்தாழ 160 அணிகள். இரண்டு அணி மோதினால் நாலு பலகை. கூட்டிப் பார்த்தால் ஒரே நேரத்தில் 700 பலகைகளை நெருங்கும். காயை நகர்த்தியதும் தானாகவே உணர்ந்து கணினிக்குச் சொல்லிவிடும் எலக்ட்ரானிக் பலகைகள் அவை. உலகம் முழுக்க இருந்து ரசிகர்கள் அந்த நகர்வுகளை இணையத்தில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே ஓடிய மென்பொருளை நான் இங்கே ஆராயவில்லை. அந்த அரங்கின் எண்களை மட்டும் கடன் வாங்கி, ‘700 பலகையும் ஒரே சர்வரோடு சாக்கெட் வழியாகப் பேசினால்’ என்று நாமே ஒரு சர்வரை வடிவமைத்துப் பார்க்கலாம்.

700 கிளையன்ட் என்றதும் மலைப்பாக இருக்கிறது, இல்லையா? கணக்குப் போடுவோம். ஒலிம்பியாடில் ஓர் ஆட்டக்காரருக்கு முதல் 40 நகர்வுக்கு 90 நிமிடம், அதற்கு மேல் 30 நிமிடம், முதல் நகர்விலிருந்தே ஒவ்வொரு நகர்வுக்கும் 30 விநாடி கூடுதல். 40 நகர்வு வரை மட்டும் எடுத்துக்கொண்டால், 90 நிமிடத்தோடு கூடுதலாகச் சேர்ந்த 20 நிமிடமும் சேர்த்து ஆளுக்கு 110 நிமிடம், இருவருக்கும் 220 நிமிடம். இருவரும் நேரம் முழுவதையும் செலவழித்தால் அதற்குள் அந்தப் பலகையில் நடப்பது 80 நகர்வுகள். அதாவது இரண்டே முக்கால் நிமிடத்துக்கு ஒரு நகர்வு. 700 பலகைக்கும் சேர்த்து விநாடிக்கு நாலு சொச்சம் செய்திதான் சர்வருக்கு வரும். பிற்பகல் மூன்று மணிக்கு எல்லாப் பலகைகளும் ஒன்றாகத் தொடங்கும்போது, மனப்பாடமான தொடக்க நகர்வுகளை மளமளவென்று ஆடுவார்கள் என்பதால் கொஞ்சம் நெரிசல் இருக்கும். பலகைக்கு முதல் இரண்டு நிமிடத்தில் பத்து நகர்வு என்று வைத்தாலும் விநாடிக்கு அறுபதைத் தொடாது. ஒரு சாதாரண மடிக்கணினிக்கு இது வேலையே இல்லை. 700 பேர் இணைந்திருக்கிறார்கள் என்பது உண்மை, ஆனால் எந்த ஒரு நொடியிலும் அவர்களில் ஏறக்குறைய எல்லோரும் சும்மா இருக்கிறார்கள். சாட் சர்வர், வண்டி இருக்குமிடம் அனுப்பும் ஜிபிஎஸ் கருவி, கடை பில்லிங் மெஷின் என்று எதை எடுத்தாலும் இதே கதைதான். இணைப்பு நீளம், பேச்சு சுருக்கம்.

அப்படியானால் இவ்வளவு லேசான வேலையில் அந்த எளிய சர்வர் ஏன் இரண்டாவது கிளையன்ட்டிலேயே திணறுகிறது? பாடப்புத்தக சர்வரின் வரிசை எல்லோருக்கும் தெரியும்: சாக்கெட் திற, பைண்ட் செய், லிசன் செய், அக்செப்டில் காத்திரு, வந்தவரிடம் ரிசீவ் செய், பதில் அனுப்பு, மூடு, மறுபடி அக்செப்ட். இதில் அக்செப்டும் ரிசீவும் ‘வரும் வரை நகரமாட்டேன்’ என்று உட்கார்ந்துவிடும் அழைப்புகள். முதல் பலகை இணைந்தது என்று வையுங்கள். அங்கே ஆட்டக்காரர் இருபது நிமிடம் யோசிக்கிறார். சர்வர் அவர் முன்னால் ரிசீவில் தவம் கிடக்கிறது. இரண்டாவது பலகை இணைய வருகிறது. இங்கே ஒரு விசித்திரம் நடக்கும், கவனியுங்கள். இரண்டாவது பலகைக்கு ‘இணைப்பு கிடைத்துவிட்டது’ என்றே தெரியும்! காரணம், டிசிபி-யின் கைகுலுக்கலை முடித்து வைப்பது நம் புரோகிராம் இல்லை, இயங்குதளத்தின் கர்னல். அது கைகுலுக்கி, இணைப்பை லிசன் வரிசையில் போட்டுவிட்டுப் போய்விடும். அந்தப் பலகை நகர்வையும் அனுப்பும். அந்த பைட்டுகள் பத்திரமாக கர்னல் பஃபரில் கிடக்கும். நம் புரோகிராமுக்கு மட்டும் அப்படி ஒருவர் வந்து நிற்பதே தெரியாது. எரர் எதுவும் வராமல், பதிலும் வராமல் கிளையன்ட் தொங்கிக்கொண்டிருப்பதன் ரகசியம் இதுதான்.

ஆக, இங்கே வேலை அதிகமாகி சர்வர் நிற்கவில்லை. தவறான ஆளுக்காகக் காத்திருந்து நிற்கிறது. சர்வரின் பிராசசர் அந்த இருபது நிமிடமும் ஓய்வில்தான் இருக்கிறது. ஒலிம்பியாட் அரங்கில் நடுவர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று பார்த்தால் இதற்கான விடையும் தெரியும். ஒரே நடுவர் முதல் பலகை ஆட்டம் முடியும் வரை அங்கேயே நின்றால் மற்ற பலகைகள் அம்போ. அதற்காகப் பலகைக்கு ஒரு நடுவரையும் உட்கார வைப்பதில்லை. இரண்டு அணி மோதும் நாலு பலகைக்கு ஒருவர். அவர் யார் பக்கத்திலும் ஒட்டிக்கொள்ளாமல் நாலையும் பார்த்தபடி இருப்பார், கை தூக்கியவரிடம் போவார், விஷயத்தை முடித்துவிட்டுத் திரும்புவார். சர்வர் உலகில் இந்த ‘கை தூக்கியவர் யார்?’ என்ற கேள்வியைக் கர்னலிடம் கேட்கும் அழைப்புதான் செலக்ட். 1983-இல் பெர்க்லி யூனிக்ஸின் 4.2 வெளியீட்டில் சாக்கெட்டோடு சேர்ந்தே அது வெளிவந்தது. சாக்கெட்டை உருவாக்கியவர்களுக்கு முதல் நாளே இந்தச் சிக்கல் தெரிந்திருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

மற்ற வழிகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யூனிக்ஸ்காரர்கள் முதலில் கையாண்ட வழி ஃபோர்க்: வருகிற ஒவ்வொருவருக்கும் தனி பிராசஸ். அது கனமாக இருந்ததால் இலகுவான த்ரெட் வந்தது. செலக்டிலும் குறை இருந்தது. லினக்ஸில் 1024-க்கு மேற்பட்ட எண்ணுள்ள சாக்கெட்டை அதனிடம் கொடுக்க முடியாது, ஒவ்வொரு தடவையும் முழுப் பட்டியலையும் கொடுத்து முழுப் பட்டியலையும் திரும்பப் பார்க்க வேண்டும். நம் 700 பலகைக்கு அது போதும், பத்தாயிரம் பார்வையாளருக்குப் போதாது. 1999-இல் டேன் கெகல் ‘ஒரே மெஷினில் பத்தாயிரம் கிளையன்ட் ஏன் முடியாது?’ என்று கேட்டு எழுதிய ‘சி10கே’ கட்டுரை இந்தக் குறையை ஊரறியச் செய்தது. 2000-இல் ஃப்ரீபிஎஸ்டி-க்கு கேக்யூவும், 2002-இல் லினக்ஸுக்கு ஈபோலும் வந்தன. பட்டியலை ஒருமுறை கர்னலிடம் ஒப்படைத்துவிட்டால் போதும், கை தூக்கியவர்களை மட்டும் அது சொல்லும். 2004-இல் இகோர் சிசோயெவ் வெளியிட்ட என்ஜின்எக்ஸும், 2009-இல் ரயன் டால் கொண்டுவந்த நோட் ஜேஎஸ்ஸும் இந்த அஸ்திவாரத்தின் மேல் எழுந்தவைதான். கர்னலிடம் கேட்டு, கை தூக்கியவரைக் கவனித்து, மறுபடி கேட்கும் அந்தச் சுற்றைத்தான் லூப் என்கிறேன்.

இங்கே த்ரெட் கட்சிக்காரர்கள் எழுந்து நிற்பார்கள். அவர்கள் வாதத்தில் நியாயம் இருக்கிறது. ‘700 த்ரெட் இன்றைய மெஷினுக்கு ஒரு பொருட்டா? த்ரெட்டுக்கு 8 எம்பி ஸ்டாக் என்று பயமுறுத்துகிறீர்கள், அது வெறும் முகவரி ஒதுக்கீடுதான். தொட்ட பக்கங்களுக்கு மட்டும்தானே ரேம் செலவாகும்? கோடும் நேராக, படிக்க எளிதாக இருக்கிறது.’ முழுக்க ஒப்புக்கொள்கிறேன். 700 பலகைக்கு 700 த்ரெட் போட்டால் சர்வர் விழாது. ரேம் கணக்கைக் காட்டி த்ரெட்டை விரட்டுவது பழைய காலத்து வாதம். என் கேள்வி வேறு: ஆளுக்கு ஒரு த்ரெட் போட்டதால் ஒருவர் தாமதம் மற்றவரைத் தொடாது என்று உறுதியாகச் சொல்ல முடியுமா? ரிசீவ் பக்கம், புதியவருக்குக் கொடுக்க த்ரெட் மீதி இருக்கும் வரை, சொல்லலாம். சென்ட் பக்கம் வந்தால் கதை மாறுகிறது.

அந்த சென்ட் பக்கத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். பலகை ஒன்றில் நகர்வு வந்ததும் அதைப் பார்வையாளர்கள் எல்லோருக்கும் அனுப்ப வேண்டும். பார்வையாளர் பட்டியல் எல்லா த்ரெட்டுக்கும் பொது. ஆகவே ஒரு லாக். அந்தப் பலகையின் த்ரெட் லாக்கைப் பிடித்துக்கொண்டு, பட்டியலில் வரிசையாக ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் சென்ட் செய்கிறது. நடுவில் ஒருவர் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்தில் போகிறார், சிக்னல் போய்விட்டது. அவர் பக்கத்திலிருந்து ஒப்புகை வரவில்லை. அவருக்கான சென்ட் பஃபர் மெல்ல நிரம்புகிறது. நிரம்பிய பிறகு அடுத்த சென்ட், இடம் கிடைக்கும் வரை நகராது. லாக்கோ அந்த த்ரெட்டின் கையில். மற்ற 699 த்ரெட்டும் நகர்வுகளைக் கையில் வைத்துக்கொண்டு லாக் வாசலில் வரிசை கட்டி நிற்கும். ஒரே ஒரு செல்போன், மொத்த நேரலையையும் நிறுத்திவிட்டது! பிராசசர் பயன்பாட்டைப் பார்த்தால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கும். த்ரெட் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கினால் வரிசையில் நிற்பவர்கள்தான் இரட்டிப்பாவார்கள்.

மெத்தனமானவர்கள் மற்றவர்களை நிறுத்திவிடுவது வெறும் கற்பனை இல்லை என்பதற்கு 2009-இல் ராபர்ட் ஹேன்சன் வெளியிட்ட ‘ஸ்லோலாரிஸ்’ என்ற தாக்குதல் கருவி சான்று. ஒரே ஒரு கணினியிலிருந்து சில நூறு இணைப்புகளைத் திறந்து, ஒவ்வொன்றிலும் கோரிக்கையை முடிக்காமல் அவ்வப்போது ஒரு துண்டு மட்டும் அனுப்பிக்கொண்டே இருப்பதுதான் அதன் வித்தை. வெள்ளமாகத் தரவைக் கொட்டித் தாக்கும் வழக்கமான முறைக்கு நேர் எதிர். இணைப்புக்கு ஒரு த்ரெட் அல்லது பிராசஸ் ஒதுக்கி வைத்திருந்த அப்பாச்சி வகை சர்வர்கள், ‘மீதி வரும், மீதி வரும்’ என்று காத்திருந்தே எல்லா இடங்களையும் தீர்த்துவிட்டு, உண்மையான வாடிக்கையாளருக்குக் கதவடைத்தன. எண்ணிக்கையோ வேகமோ அவற்றை வீழ்த்தவில்லை, மெத்தனம் வீழ்த்தியது. லூப் வகை சர்வர்கள் இதைப் பெரும்பாலும் தாங்கின. காத்திருக்கும் இணைப்புக்கு அவை ஒதுக்குவது கொஞ்சம் நினைவகம் மட்டும்தான். அவற்றுக்கும் கெடு வைக்காவிட்டால் ஒரு நாள் திறந்த சாக்கெட்டுகளின் வரம்பு தீர்ந்துபோகும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

‘அப்படியானால் ஒற்றை லூப்தான் தீர்வா? அதில் ஒருவர் நீண்ட வேலை கொடுத்தால் எல்லோரும் நிற்பார்களே’ என்பது அடுத்த ஆட்சேபம். மிகச் சரி. ரெடிஸ் என்ற தரவுத்தள சர்வர் இதற்கு நல்ல பாடம். அது கட்டளைகளை ஒரே த்ரெட்டில், ஒரே லூப்பில்தான் நிறைவேற்றுகிறது. ஆனாலும் ஏராளமான கிளையன்ட்டுகளுக்கு அதிவேகமாகப் பதில் சொல்கிறது. காரணம், ஒவ்வொரு கட்டளையும் குட்டி. அதே ரெடிஸில் எல்லாச் சாவிகளையும் பட்டியலிடும் ‘கீஸ்’ கட்டளையை உற்பத்திச் சூழலில் ஓட்டாதீர்கள் என்று அதன் ஆவணமே எச்சரிக்கிறது. பெரிய தரவுத்தளத்தில் ஒருவர் அதை ஓட்டினால் அது முடியும் வரை மற்ற எல்லோரும் நிற்க வேண்டியதுதான். நம் செஸ் சர்வரிலும் அப்படியே. நகர்வை வாங்கிப் பரப்புவது லூப்புக்கு ஏற்ற வேலை. ‘இந்த நிலையில் யாருக்குச் சாதகம்?’ என்று செஸ் எஞ்சினை ஓட விடுவது லூப்புக்குள் வரவே கூடாத வேலை. அதை இரண்டு மூன்று த்ரெட்டோ பிராசஸோ கொண்ட தனிக் குழுவிடம் கொடுத்துவிட்டு, விடை வந்தால் அதையும் இன்னொரு செய்தியாக லூப்புக்குள் வாங்கிக்கொள்ள வேண்டும். ‘என் மெஷினில் எட்டு கோர் இருக்கிறதே’ என்பவர்கள் எட்டு லூப் ஓட்டலாம், என்ஜின்எக்ஸ் அப்படித்தான் செய்கிறது. ஆக, லூப்பா த்ரெட்டா என்ற சண்டையில் இரண்டுக்கும் இடம் இருக்கிறது. காத்திருக்கும் வேலைக்கு லூப், கணக்குப் போடும் வேலைக்கு த்ரெட்.

லூப் எழுதுவது தலைவலி என்ற ஆட்சேபத்தையும் தட்டிக் கழிக்க முடியாது. இதில் பாதி தலைவலிக்கு லூப் காரணம் இல்லை, டிசிபி-யின் இயல்பே காரணம். டிசிபி நமக்குத் தருவது பைட்டுகளின் ஓட்டம். நாம் ஒரே சென்டில் அனுப்பியது அந்தப் பக்கம் ஒரே ரிசீவில் வரும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. ‘பலகை 214 குதிரை எஃப்3’ என்று ஒரு வரி அனுப்பினால், முதல் ரிசீவில் ‘பலகை 21’ வரைக்கும் வந்து, மீதி ‘4 குதிரை எஃப்3’ அடுத்த ரிசீவில் வரலாம். வந்ததை வந்தபடி நம்பும் சர்வர், 214-இன் நகர்வை 21-ஆம் பலகையின் கணக்கில் சேர்க்கப் பார்க்கும். உள்ளூரில் ஒரே மெஷினில் சோதித்தால் இது பெரும்பாலும் தலைகாட்டாது, வெளியே போனதும்தான் தெரியும். ஆகவே ஒவ்வொரு கிளையன்ட்டுக்கும் தனி உள்பஃபர் ஒன்று வேண்டும். வந்ததை அதில் சேர்த்துக்கொண்டே போய், வரி முடிவுக்குறி வந்த பிறகே எடுத்துப் படிக்க வேண்டும். த்ரெட் போட்டாலும் இதிலிருந்து தப்ப முடியாது. த்ரெட்டில் அந்தப் பஃபர் ஒரு உள்ளூர் மாறியாக ஒளிந்திருக்கிறது, லூப்பில் அதை நாமே பட்டியல் போட்டு வைக்கிறோம். வித்தியாசம் அவ்வளவுதான்.

போகிற பக்கமும் இதே கதை. ஒவ்வொரு பார்வையாளருக்கும் தனி வெளிபஃபர், அதற்கு ஓர் உச்சவரம்பு. சாக்கெட் வாங்கும் அளவுக்கு மட்டும் தள்ள வேண்டும், மீதியைப் பஃபரில் வைத்துக்கொண்டு அடுத்தவரிடம் போய்விட வேண்டும். உச்சவரம்பைத் தாண்டியவரை என்ன செய்வது? இங்கேதான் எழுதுகிறவர் தெளிவாக முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. பழைய நகர்வுகளை விட்டுவிட்டுக் கடைசி நிலையை மட்டும் அனுப்பலாம், அல்லது இணைப்பைத் துண்டித்து அவர் திரும்ப வரும்போது முழு ஆட்டத்தையும் கொடுக்கலாம். விநாடிக்கு நாலு நகர்வு என்பது உள்ளே வருகிற கணக்கு. பத்தாயிரம் பேர் எல்லாப் பலகைகளையும் பார்த்தால் வெளியே போவது விநாடிக்கு நாற்பதாயிரம். உண்மையான பாரம் இந்தப் பக்கம்தான் இருக்கிறது. வரம்பில்லாத பஃபர் வைத்தால் மெத்தனமான பார்வையாளர்கள் சேர்ந்து சர்வரின் நினைவகத்தையே விழுங்கிவிடுவார்கள்.

இன்னும் ஒரு வாதம் மீதி இருக்கிறது: ‘இதெல்லாம் பழங்கதை. கோ மொழியில் கோரூட்டீன் இருக்கிறது, ஜாவா 21-இல் 2023-இலேயே விர்ச்சுவல் த்ரெட் வந்துவிட்டது, பைத்தானில் அசிங்க்ஐஓ இருக்கிறது. நான் ஏன் ஈபோலைப் பற்றி யோசிக்க வேண்டும்?’ யோசிக்க வேண்டாம்தான். நேராக எழுதும் வசதியும் லூப்பின் சிக்கனமும் அவற்றில் ஒன்றாகக் கிடைக்கின்றன. லினக்ஸில் கோ-வின் அடியில் ஓடுவதும் ஈபோல்தான். ஆனால் அந்த வசதி தீர்த்து வைப்பது ரிசீவில் காத்திருக்கும் பிரச்சினையை மட்டுமே. கோரூட்டீன் ஒன்று லாக்கைப் பிடித்துக்கொண்டு மெத்தனமான சாக்கெட்டுக்கு எழுதினால், மேலே சொன்ன பேருந்துக் கதை அச்சுப் பிசகாமல் நடக்கும். அசிங்க்ஐஓ-வில் ‘அவெயிட்’ போடாத ஒரு நீண்ட கணக்கு, ரெடிஸின் ‘கீஸ்’ போலவே எல்லோரையும் நிறுத்தும். கருவி மாறினாலும் கேள்வி மாறவில்லை: இந்த வரியில் நான் யாருக்காகக் காத்திருக்கிறேன், அதற்குள் வேறு யாரெல்லாம் எனக்காகக் காத்திருக்கிறார்கள்?

ஆகவே என் பரிந்துரை எளிது. இருபது முப்பது கிளையன்ட் வரும் சின்ன சர்வர் என்றால் எது கைக்குப் பழக்கமோ அதில் எழுதுங்கள், த்ரெட்டாகவே இருக்கட்டும். பொதுப் பட்டியலின் லாக்கைப் பிடித்தபடி சாக்கெட்டில் எழுதாதீர்கள், பட்டியலை நகலெடுத்துக்கொண்டு லாக்கை விட்டுவிட்டு எழுதுங்கள். அப்போதும் மெத்தனமான ஒருவர் அந்த த்ரெட்டைப் பிடித்து வைப்பார் என்பதால் சென்டுக்கும் கெடு வையுங்கள். எழுதி முடித்ததும் ஆயிரம் கிளையன்ட்டை ஏவி வேகம் பார்ப்பதற்கு முன்னால், மூன்றே கிளையன்ட்டை ஏவிப் பாருங்கள். முதலாமவர் இணைந்துவிட்டு ஒன்றுமே பேசக் கூடாது. இரண்டாமவர் பாதி வரி அனுப்பிவிட்டு நிறுத்த வேண்டும். மூன்றாமவர் இணைந்துவிட்டு, சர்வர் அனுப்புவது எதையும் படிக்கக் கூடாது. அவர் பஃபர் நிரம்பும் வரை சர்வர் அனுப்பிக்கொண்டே இருக்கட்டும். இந்த மூவரும் அப்படியே இருக்கும்போது, நாலாவதாக வருகிற ஒழுங்கான கிளையன்ட்டுக்கு உடனே பதில் போகிறதா என்று பாருங்கள். போனால் உங்கள் சர்வர் பல கிளையன்ட் சர்வர், எண்ணிக்கையைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம். போகவில்லை என்றால், அது எந்த மொழியில் எத்தனை த்ரெட்டோடு ஓடினாலும், இன்னும் ஒரு கிளையன்ட் சர்வர்தான்.